முழுசாச் சொல்லுங்க, எழுதணும்

எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் நான் தலைகாட்டாத விசேஷம் குறைவு. எங்கே போனாலும் பந்தியில் என் பக்கத்து இலைக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். சாம்பார் வரும்வரை சும்மா இருப்பார். ரசம் ஊற்றும்போது மெதுவாக என் பக்கம் சாய்வார்.

"முத்துமாரிக்கா, நீங்கதான அதை எழுதுனீக. அந்தக் காமெடிக்காரன் அன்னைக்கு அப்படி என்னதான் சொன்னான்? எனக்கு மட்டும் சொல்லுங்க."

இப்படி "எனக்கு மட்டும்" என்று கேட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் எங்கள் ஊர் ஆண்டாள் தேரையே இழுத்துவிடலாம். போன வாரம் கோயில் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேட்டார். சாமி கும்பிட்டுவிட்டு வந்து கேட்டிருக்கலாம், ஆனால் அவருக்கு அவசரம்.

நான் போலீஸ் வேலையில் சேர்ந்து, சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள். பெயருக்குத்தான் போலீஸ். துரத்திப் பிடித்த திருடன் ஒருவன்கூட என் கணக்கில் இல்லை. பாதிக்குமேல் என் காலம் ஸ்டேஷன் ரைட்டர் நாற்காலியில் கழிந்தது. வருகிற மனுவை வாங்குவது, சொல்வதைக் கேட்டு எழுதுவது, எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, இதுதான் என் வீரம்.

இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பெண் நேற்று போன் செய்தாள். எவனோ ஒருவன் செல்போனில் யாரையோ திட்டி வீடியோ போட்டிருக்கிறான், அதற்குப் புகார் வந்திருக்கிறது. "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதான அடிக்கணும்க்கா. அந்த வார்த்தையை அடிக்க விரல் வரமாட்டேங்கு. நடுவுல ரெண்டு ஸ்டார் போட்டுரட்டுமா?" என்றாள். நான் போட்ட சத்தத்தில் அடுப்பங்கரையில் இருந்த என் வீட்டுக்காரர் பால் சட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். போனை வைத்த பிறகு எனக்கு அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தைகளைத் தெரிந்துகொள்ளலாம் என்று வாசிப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் சொல்லப் போவதில்லை.

பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், ஓடினேன். துப்பாக்கி சுடச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள், பாதி ஏறியது. கெட்ட வார்த்தை எழுத மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்டேஷன் வேலையில் முக்கால்வாசி அதுதான் என்பது இராஜபாளையத்துக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். ஒருத்தர் இன்னொருத்தரைப் பொது இடத்தில் அசிங்கமாகப் பேசினார் என்று வழக்குப் போட வேண்டுமென்றால், அவர் பேசிய வார்த்தையைப் புகாரில் அப்படியே எழுத வேண்டும். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதினால் கோர்ட்டில் நிற்காது. எனக்கு முன்னால் ரைட்டராக இருந்தவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த சமயம், குழாயடிச் சண்டை ஒன்றில் வார்த்தைக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "என் கட்சிக்காரர் புள்ளி என்றா திட்டினார்?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. திட்டியவர் விடுதலையாகி வெளியே வந்து, வாசலிலேயே மறுபடியும் திட்டினார்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. சாதாரணமாக எல்லோரையும் "வாங்க, போங்க" என்பார். கோபம் வந்தால் "தாங்கள்" என்பார். அவர் "ஐயா, தாங்கள் செத்த நேரம் அமர வேண்டும்" என்று சொன்னால், ஊரிலேயே பெரிய ரவுடியும் பெஞ்சு நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எனக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, புள்ளிக்குச் சட்டத்தில் செக்‌ஷன் கிடையாது. முழுசாச் சொல்லச் சொல்லுங்க, முழுசா எழுதுங்க. வெட்கம் சொன்னவனுக்கு இருக்கட்டும், எழுதுகிறவங்களுக்கு வேண்டாம்."

அன்றிலிருந்து "முழுசாச் சொல்லுங்க, எழுதணும்" என்பது என் வாயில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் கோபம் வந்தால் என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பார், என்னைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். எழுதிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு.

இனி அந்த வழக்கு. இராஜபாளையத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். டிவியில் வரும் நகைச்சுவையாளர் ஒருவரைக் கடைசி நாள் நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் முதலாளி, தன்னிடம் வேலை பார்க்கும் ஒடிசாப் பெண்களுக்கெல்லாம் பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். ஷிப்ட் முடிந்ததும் அவர்கள் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அன்று அந்த மனிதர் சொன்ன துணுக்கு எதுவும் எடுபடவில்லை. நான் பந்தோபஸ்தில் இல்லை, ஆனால் இருந்த ஏட்டையா சொன்னார், "ஒருத்தனும் சிரிக்கலம்மா, மைக் செட்டுக்காரனே பாவம்னு சிரிச்சான்." அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் சுமித்ரா என்ற பெண் ஒரு கொட்டாவி விட்டாள்.

காலையிலிருந்து நின்றபடி துணி சுற்றியவள், கொட்டாவி வரத்தான் செய்யும். ஆனால் காமெடிக்காரர் சிரிக்காத கூட்டத்தைக்கூடப் பொறுப்பார், கொட்டாவியைப் பொறுக்க மாட்டார் போலிருக்கிறது. மைக்கை அவள் பக்கம் நீட்டி, "ஏட்டி" என்று ஆரம்பித்து, அவள் நிறம், அவள் ஊர், அவள் சாப்பாடு, அவள் ஊர்ப் பெண்கள் என்று நான்கு வார்த்தை சொன்னார். பிறகு பின்னால் இருந்து ஒரு செருப்பு பறந்து வந்து, மேடை வரை போகாமல் எங்கள் ஏட்டையா தொப்பியில் விழுந்தது.

மறுநாள் அந்தக் காட்சி எல்லோர் செல்போனிலும் வந்துவிட்டது. டிவியிலும் போட்டார்கள். ஆனால் அந்த நான்கு இடத்திலும் "கீய்ங்" என்று ஒரு சத்தத்தைப் போட்டு மூடிவிட்டார்கள். வந்தது வினை.

அந்த "கீய்ங்"குக்கு அடியில் திட்டியிருப்பது தன்னைத்தான் என்று ஒவ்வொருத்தருக்கும் தோன்றிவிட்டது. காலை டிபன் நேரத்துக்குள் ஸ்டேஷன் வாசலில் திருவிழாக் கூட்டம். முதலில் வந்தது நாய் வளர்ப்பவர்கள். அந்த ஆள் எங்கள் ஊர் வேட்டை நாயைக் கேவலப்படுத்திவிட்டான் என்றார்கள். அவர்களில் மூத்தவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கையில் பிடித்திருந்த வெள்ளை நாயைக் காட்டி, "ஏமண்டி ரைட்டரம்மா, இது மொகத்தைப் பாருங்க, காலையிலருந்து சாப்பிடல" என்றார். நாய் என் மேஜைக்கு அடியில் படுத்து என் டிபன் டப்பாவை முகர்ந்துகொண்டிருந்தது. அடுத்து மாம்பழ வியாபாரிகள். அதற்கடுத்து மகாராஜபுரத்திலிருந்து ஒரு வேன். விவசாயிகளைச் சொல்லிவிட்டானாம். பிறகு கொடியோடு இரண்டு கட்சி. ஒரே கட்சி இரண்டாகப் பிரிந்து தனித்தனியாக வந்தது.

எல்லோரிடமும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "என்ன சொன்னாரு? முழுசாச் சொல்லுங்க, எழுதணும்."

மகாராஜபுரத்துப் பெரியவர் நெளிந்தார். "அதை எப்படித்தா உங்ககிட்ட சொல்ல. பொம்பளைப் பிள்ளையா இருக்கீகளே."

"நான் எம்புட்டோ எழுதியிருக்கேன் ஐயா, சும்மா சொல்லுங்க."

"அசிங்கமாச் சொல்லிட்டான்த்தா."

"எப்படி அசிங்கமா?"

"கீய்ங்னு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. புகார்க் காகிதத்தில் கீய்ங் என்றா எழுதுவது? மைதானத்தில் நேரில் கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மனைவியை முன்னால் தள்ளினார்கள். ஒருவர் பெஞ்சில் விரலால் எழுதிக் காட்டினார். பாதியில் வெட்கம் வந்து கையால் அழித்துவிட்டார், எழுதாத எழுத்தை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய்க்கு மட்டும் அன்று பாலும் தீர்ந்து பால்பவுடரும் தீர்ந்தது. வார்த்தை இல்லை, அதனால் வழக்கும் இல்லை. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, "கிடைச்சுதாம்மா?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் உள்ளே போய்விடுவார்.

மதியத்துக்கு மேல்தான் கவனித்தேன், சுவரோரம் பெஞ்சில் ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒரு கூட்டத்தோடு வந்தவள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டோம். கட்சிக்காரர் ஒருவர் அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி, கொடிக்கம்பை அவள் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். "நீ யாரும்மா?" என்றேன்.

"சுமித்ரா, மேடம். என்னையத்தான் அவரு சொன்னாரு."

அவள் நம் ஊருக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. என் தங்கச்சி பேசுவதுபோலத்தான் பேசினாள். தண்ணீர் கொடுத்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஊர் முழுவதும் அவளுக்காகக் கத்திக்கொண்டிருக்கிறதே, இவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ அழுகிற நிலையில் இருந்தாள்.

"கேஸெல்லாம் வேண்டாம் மேடம். இந்தக் கூட்டத்தைப் பாத்து எங்க முதலாளி பயந்துட்டாரு. டிவிக்காரங்க கம்பெனி வாசலுக்கே வந்துட்டாங்க. எங்க ஆளுக அம்புட்டுப் பேரையும் நாளைக்கு ரயில்ல ஏத்தி ஊருக்கு அனுப்பப் போறாராம். எல்லாம் அடங்கின பொறவு கூப்பிடுதேன்னு சொல்லுதாரு. பக்கத்துக் கம்பெனியில போன வருசம் இப்படித்தான் அனுப்புனாங்க. ஒருத்தியைக்கூடத் திரும்பக் கூப்பிடல. ஊர்ல எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். என் பொழப்பு இங்கதான் இருக்கு. அனுப்ப வேண்டாம்னு முதலாளிகிட்ட நீங்க சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டினவன் ஏசி ரூமில் இருக்கிறான். திட்டு வாங்கினவளுக்கு ரயில் டிக்கெட்டா? அவளை இன்ஸ்பெக்டர் அறைக்கு அழைத்துப் போனேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அம்மா, ஒரு முதலாளி தன் கம்பெனி ஆளை வேலையை விட்டு அனுப்பக் கூடாதுன்னு நான் சொல்ல முடியாது. அது என் வேலை இல்லை. ஆனா, வழக்குன்னு ஒண்ணு இருந்து, நீங்க எல்லாரும் அதில் சாட்சின்னா, சாட்சியை ஊரைவிட்டு விரட்டினா அது என் வேலை. வழக்குப் போட எனக்கு வார்த்தை வேணும். காலையிலிருந்து இந்த ஊர்ல ஒருத்தர்கூடச் சொல்லலை."

சுமித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வார்த்தைதானே? நான் சொல்லுதேன்."

சொன்னாள். வரிசையாக, குரல் உயராமல், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடைச் சாமான் சொல்வதுபோலச் சொன்னாள். எழுதி எழுதி மரத்துப்போன என் கையே இரண்டாவது வார்த்தையில் நின்றுவிட்டது.

"உனக்குச் சொல்லக் கூச்சமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"கூச்சம் எதுக்கு மேடம்? மொதல் வார்த்தை டவுன் பஸ்ல கேக்குறது. ரெண்டாவது தண்ணிக் குழாய்ல. மூணாவது சந்தையில காய் வாங்கையில சொல்லுவாங்க. நாலாவது மட்டும்தான் புதுசு, அதை அவரே யோசிச்சிருப்பாரு."

இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "ரைட்டரம்மா, தாங்கள் புகாரை மனுதாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்" என்றார். என்னிடம் "தாங்கள்" என்கிறாரே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் கோபம் என்மேல் இல்லை. அவர் எழுந்து போய் ஜன்னலை அகலமாகத் திறந்தார். "சத்தமாக வாசிக்க வேண்டும். அதுதான் முறை."

ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்றது. கீய்ங்குக்கு அடியில் இருப்பது இப்போது வெளியே வரப்போகிறது என்று தெரிந்ததும் கோஷம் நின்றது, கொடி இறங்கியது, நாய்கூடக் காதைத் தூக்கியது. நான் கோயில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற குரலில் வாசித்தேன். முதல் வார்த்தை போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. வெளியே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் வேனில் வந்த ஒரு வெள்ளந்தி மனிதர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இதுதானா? இதை நாமளே தெனமும் சொல்லுறோமே."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாம்பழ வியாபாரி தன் செருப்பை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன். கொடிக்கம்பைச் சாய்த்து வைத்தவர் உள்ளே வந்து எடுத்துக்கொண்டு, சுமித்ராவைப் பார்க்காமலே வெளியே போனார்.

இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போய் நின்றார். "ஐயாமார்களே, நேரில் கேட்டவர்கள் தாங்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து சாட்சி எழுதிக் கொடுக்கலாம்." அவ்வளவுதான். ஒருவருக்கு மருமகனுக்குப் பரீட்சை, ஒருவருக்கு மாடு கன்று போடும் நேரம், வேன் டிரைவருக்கு டீசல் தீர்ந்துவிடுமாம். திருவிழா முடிந்த தெருபோல வாசல் காலியானது. போட்டு வைத்த டீ அப்படியே ஆறியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற காதர் பாய் கையைத் துண்டில் துடைத்தபடி உள்ளே வந்தார். "பொருட்காட்சியில நானும் கடை போட்டிருந்தேன்யா. டீ ஆத்திக்கிட்டே கேட்டேன். என் பேரை எழுதிக்கோங்க. ஆனா அந்த வார்த்தையை என் வீட்டம்மா முன்னாடி சொல்லச் சொல்லாதீங்க."

பிறகு கம்பெனிப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் முழுசாகச் சொன்னாள், நான் முழுசாக எழுதினேன். அதற்குள் முதலாளி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், பயந்தாங்கொள்ளி. "வம்பு எதுக்குங்கய்யா, இவளுகளை நாளைக்கு அனுப்பிச்சிருதேன்" என்று ஆரம்பித்தார்.

"ஐயா, தாங்கள் அமர வேண்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். முதலாளி உட்கார்ந்தார், கிட்டத்தட்ட விழுந்தார். "இவர்கள் எல்லாரும் என் வழக்கின் சாட்சிகள். வழக்கு முடியும்வரை கூப்பிட்டால் வர வேண்டும். தாங்கள் வேலையை விட்டு அனுப்பினால் சாட்சியைக் கலைத்தார் என்று தங்கள் பெயரையும் எழுத வேண்டியிருக்கும். ரைட்டரம்மா, பேனாவில் மை இருக்கிறதா?"

"நிறைய இருக்குங்க ஐயா" என்றேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் பேனா கையில் நடனமாடியது.

"கேஸ் எப்பய்யா முடியும்?" என்று முதலாளி ஈனக் குரலில் கேட்டார். இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சமோசா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன், நாய்க்காரர் மறந்து விட்டுப்போன நாய்க்கும்.

அந்த நகைச்சுவையாளர் பிறகு ஒருநாள் வக்கீலோடு விசாரணைக்கு வந்தார். "மேடையில் என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். வாயாலேயே பிழைக்கிற மனிதர் வக்கீல் முகத்தைப் பார்த்தார். "ஞாபகம் இல்லீங்க மேடம்" என்றார். பிறகு செல்போனைப் பார்த்து, யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாக வாசித்தார். எதிரே உட்கார்ந்திருந்த சுமித்ரா, "யாரோட மனசு சார்? எனக்குப் பேரு இருக்கு. பேரைச் சொல்லிச் சொல்லுங்க" என்றாள். அவர் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் கேட்டுக்கொண்டாள், கொட்டாவி விடவில்லை. வழக்கை வாபஸ் வாங்கலாமே என்று வக்கீல் நைசாகக் கேட்டார். "முடியாது சார். வாங்கினா எங்களை ரயில் ஏத்திருவாங்க" என்றாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாமேல் வாய்தா. வக்கீலுக்குக் காய்ச்சல், நகைச்சுவையாளருக்குப் படப்பிடிப்பு, கோர்ட்டுக்கு விடுமுறை. என் சர்வீஸ் முழுவதும் வாய்தாவைத் திட்டியவள் நான். இந்த ஒரு வழக்குக்கு மட்டும், இது முடியவே கூடாது என்று மடவார் வளாகத்து வைத்தியநாத சாமிக்கு வேண்டிக்கொண்டேன். சாமி கேட்டுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்கள் எல்லோரும் இன்றுவரை அதே கம்பெனியில்தான் இருக்கிறார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போனாலும் சொன்ன தேதியில் திரும்பிவிடுகிறார்கள். முதலாளி ரயிலடிக்கு வேன் அனுப்பி அழைத்துக்கொள்கிறார்.

நான் ஓய்வுபெற்ற அன்று ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். எல்லோரும் போன பிறகு சுமித்ரா வந்தாள். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதேபோல இன்னொன்று அவள் மேலே போட்டிருந்த கம்பெனிச் சட்டையின் பையில் செருகியிருந்தது. துணி சுற்றுகிறவளுக்குப் பேனா எதற்கு என்று கேட்டேன்.

"இன்னைக்கு டவுன் பஸ்ல ஒரு ஆளு சொன்னான் மேடம். மொதல் வார்த்தை."

"ஐயோ. நீ என்னத்தா செஞ்ச?"

"பேனாவை எடுத்துக்கிட்டு அவன் பக்கத்துல போய் நின்னேன். 'முழுசாச் சொல்லுங்க, எழுதணும்'னேன். பஸ்ல அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாங்க." அவளுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. "அவன் ஸ்டாப்பு வாரதுக்கு முன்னாலயே இறங்கிப் போயிட்டான் மேடம். அவன் சீட்டுலதான் நான் உக்காந்து வந்தேன்."